ஐசியு ஆம்புலன்ஸ் என்று எழுதியிருந்தால் போதுமா? அப்பாவை மதுரைக்குக் கொண்டுபோன இரவு

#1 கரிசல்மண்

வணக்கம். இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அப்பா இப்போது தெருமுனைவரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிறார், அதனால் பதறாமல் படியுங்கள்.

எங்கள் ஊர் மதுரைக்குத் தெற்கே, ஒரு மணி நேரத் தொலைவு. இரவு ஒன்றரை மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் உள்ளூர் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இசிஜி எடுத்தார்கள், மாரடைப்பு என்றார்கள், கைநிறைய மாத்திரைகளைக் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். அதற்குள் மூச்சு இளைக்க ஆரம்பித்துவிட்டது. அரை மணி நேரத்தில் வாயில் குழாய் போட்டுவிட்டார்கள். "இங்கே கேத் லேப் கிடையாது, மதுரைக்குப் போயிடுங்க. நம்ம ஐசியு ஆம்புலன்ஸே இருக்கு" என்றார் டியூட்டி டாக்டர். (கேத் லேப் என்றால் இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் அறை.)

வண்டியில் பெரிய சிவப்பு எழுத்தில் ஐசியு என்று இருந்தது உண்மை. உள்ளே வென்டிலேட்டரும் இருந்தது, உறை போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். டாக்டர் ஏறவில்லை. டிரைவர், இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன், அப்புறம் நான். அந்தப் பையன் ரப்பர் பந்து மாதிரி ஒரு பையைக் குழாயில் மாட்டி, கையால் அமுக்கிக்கொண்டே வந்தான். அதன் பெயர் ஆம்பு பேக் என்று பிறகுதான் தெரிந்தது. "என்னப்பா ஆச்சு, எப்படி இருக்கார்?" என்று எத்தனை முறை கேட்டும் பதில் இல்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடியே இருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

காரியாபட்டி தாண்டியதும் சிலிண்டர் முள் சிவப்பில் நின்றது. எலியார்பத்தி டோல்கேட் வரும்போது சுத்தமாகக் காலி. சீட்டுக்கு அடியில் இன்னொரு சிலிண்டர் கிடந்தது. பையன் காலால் அதைக் காட்டினான். நான் குனிந்து திறக்கப் பார்த்தால் திருகும் சாவி இல்லை. டிரைவரிடம் கத்தினேன், அவரிடமும் இல்லை. கடைசிப் பதினைந்து கிலோமீட்டர் ஆக்சிஜன் இல்லாமல் போனோம்.

மதுரையில் இறங்கினால், "வென்டிலேட்டர் கேஸ் வருதுன்னு யாரும் சொல்லலையே" என்றார்கள். பெட் தயாராகும்வரை இருபது நிமிடம் போர்ட்டிகோவிலேயே நின்றோம். ஒரு ஆயாம்மா சிலிண்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து மாட்டிவிட்டார்.

பிறகு உள்ளூர் மருத்துவமனை பில்லைப் பார்த்தேன்: "ஐசியு ஆம்புலன்ஸ், மருத்துவர் துணையுடன், ரூ. 9,500."

108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டுமா? மருத்துவமனை வண்டி என்றால் அதில் என்னதான் இருக்க வேண்டும்? இந்தப் பில்லை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வெட்டிப்பேச்சு

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? மாருதி வேனில் ஸ்டிக்கர் ஒட்டினால் ஆம்புலன்ஸ், இன்னும் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினால் ஐசியு ஆம்புலன்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று பெயரைப் போடுங்கள், நாலு பேராவது தப்பிப்பார்கள்.

#3 நெறியாளர்

பெயர் வேண்டாம். இரண்டு மருத்துவமனைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நடந்ததை எழுதலாம், ஊகத்தை எழுதவேண்டாம்.

#4 ஸ்டியரிங்

ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனை வண்டியை 11 வருடமாக ஓட்டுகிறேன். அந்த டிரைவருக்காக வெட்கப்படுகிறேன் தம்பி. சாவி விஷயத்தைச் சொல்கிறேன்.

வண்டியில் வைக்கிற நடுத்தர சிலிண்டருக்கு பி டைப் என்று பெயர். நிரம்பியிருந்தால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். ஆளுயரத்துக்கு நிற்கும் ஜம்போ, டி டைப், 7,000 லிட்டர். ஆம்பு பேக்குக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்துவிட்டால் பி டைப் முழுசாக இருந்தாலே 100 நிமிடம்தான் வரும். முள் பாதியில் இருந்தால் 50. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம், வாசலில் இருபது நிமிடம், ஆக 80 நிமிடம். அரை சிலிண்டரோடு கிளப்பியவன் கணக்குப் போடவே இல்லை. நாங்கள் போகிற நேரத்தை இரட்டிப்பாக்கி அதற்கு ஆக்சிஜன் இருந்தால்தான் வண்டியை எடுப்போம். வழியில் லாரி கவிழ்ந்து கிடக்கும், ரயில்வே கேட் போட்டிருப்பான், யாருக்குத் தெரியும்?

பி டைப்பைக் கையால் திறக்க முடியாது, சாவி போட்டுத்தான் திருக வேண்டும். ஐம்பது அறுபது ரூபாய் சாமான். சிலிண்டரை மாற்றும்போது எங்கேயாவது வைத்துவிடுவார்கள், அடுத்த ஷிப்ட்காரன் தேடுவான். நான் கயிறு போட்டு சிலிண்டர் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இன்னொன்று டேஷ்போர்டில். இன்னொன்று என் சாவிக்கொத்தில், வீட்டுச் சாவியோடு. என் வீட்டுக்காரி சிரிப்பாள்.

வெட்டிப்பேச்சு சாருக்கு: ஸ்டிக்கர் வண்டிகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ள எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ராப்பகல் இரண்டு டிரைவர், இரண்டு டெக்னீஷியன், டியூ, எஃப்சி, இன்சூரன்ஸ், டீசல். மாதத்துக்குப் பத்து கேஸ் வருகிற சின்ன மருத்துவமனை முதலில் கைவைப்பது டெக்னீஷியன் சம்பளத்தில்தான். வார்டு பையனை ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

#5 நைட்டூட்டி

கரிசல்மண், நான் ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸ். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையன் முணுமுணுத்தான் என்றீர்களே, காதில் ஏதாவது விழுந்ததா? ஆறுவரை எண்ணிக்கொண்டிருந்தானா?

#6 கரிசல்மண்

சைரன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால்... ஆமாம், "நாலு, அஞ்சு, ஆறு" என்று கேட்டது. ஆறு வந்ததும் அமுக்குவான். மறுபடியும் ஆரம்பிப்பான். காசு எண்ணுகிறான் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், அப்போது இருந்த மனநிலை அப்படி.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. குழாயில் ரோஸ் நிறத்தில் நுரை ஏறி வந்தது. அவன் தோளில் கிடந்த துண்டை என்னிடம் எறிந்து, "துடைங்க, குழாயை மட்டும் இழுத்துடாதீங்க" என்றான். மொத்தப் பயணத்திலும் அவன் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

#7 நைட்டூட்டி

அப்படியென்றால் அந்தப் பையன் மேல் கோபப்படாதீர்கள்.

மூச்சுக்குழாய் போட்ட பெரியவருக்கு ஆறு நொடிக்கு ஒருமுறை பையை அமுக்க வேண்டும், நிமிடத்துக்குப் பத்து. கேட்க எளிதாக இருக்கும். பதற்றத்தில் யாராலும் முடியாது. புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்களைப் பார்த்திருக்கிறேன், நிமிடத்துக்கு முப்பது, நாற்பது என்று அமுக்கித் தள்ளுவார்கள். அதிகக் காற்று நல்லதுதானே என்று தோன்றும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறைந்து, பிபி விழுந்துவிடும். ஏற்கெனவே அடிபட்ட இதயம் அது. அதனால்தான் வாய்விட்டு எண்ணச் சொல்லிக்கொடுப்போம். எண்ணும்போது பேச்சுக் கொடுத்தால் கணக்கு தப்பும். அவன் உங்களுக்குப் பதில் சொல்லாததன் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு மணி நேரம் தொடர்ந்து அமுக்கிப் பாருங்கள், கை மரத்து, விரல் மடங்காது. எங்கள் வார்டில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்காத அன்று பத்து நிமிடத்துக்கு ஒருவர் கைமாற்றினோம். அவனுக்குக் கைமாற்ற ஆளே இல்லை. ஓடுகிற வண்டியில், ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி, மறுகையால்.

அப்புறம் ஆக்சிஜன் காலியானது பற்றி. ஆம்பு பேக் சிலிண்டர் இல்லாவிட்டாலும் தானாக விரியும். வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். அதில் 21 சதவீதம் ஆக்சிஜன். உங்கள் அப்பாவின் நுரையீரலில் நீர் கோத்திருந்தது, ரோஸ் நுரை அதனால்தான். அந்த நிலையில் 21 சதவீதம் போதாதுதான், ஆனால் மூச்சு நிற்கவில்லை. அவன் பயந்து பையை விட்டுவிட்டு சாவியைத் தேட எழுந்திருந்தால் கதை வேறு. உங்களுக்குச் சிலிண்டரைக் காலால் காட்டினான் பாருங்கள், கையை எடுக்கக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

#8 பழையபேப்பர்

நைட்டூட்டி சொன்னதைப் படித்ததும் கோபன்ஹேகன் ஞாபகம் வந்தது. 1952-இல் அங்கே போலியோ பெருவாரியாகப் பரவியது. மூச்சுத்தசை முடங்கியவர்கள் நாள்தோறும் வந்துகொண்டே இருக்க, பிளெக்டாம் மருத்துவமனையில் இயந்திரம் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையைக் கையால் அமுக்கியே மூச்சு கொடுக்கலாம் என்று காட்டினார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு மாதக்கணக்கில் அமுக்கினார்கள். இன்றைய ஐசியு அங்கிருந்துதான் பிறந்தது என்பார்கள்.

அந்தக் காலத்துப் பைக்கு வாயு வந்தால்தான் உப்பும். அதே டென்மார்க்கில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆக்சிஜன் சிலிண்டர் வரத்து நிற்கும் நிலை வந்தபோதுதான் சிலிண்டரே இல்லாமல் விரியும் பை வேண்டும் என்ற யோசனை தீவிரமானது. ஹோல்கர் ஹெசே, ஹென்னிங் ரூபன் இருவரும் உருவாக்கி, 1956-இல் சந்தைக்கு வந்தது ஆம்பு பேக். காரியாபட்டி ரோட்டில் அப்பாவைக் காப்பாற்றியது அந்த வேலைநிறுத்தம் என்றும் சொல்லலாம்!

மருத்துவமனையே ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்வது புதிதல்ல. அமெரிக்காவில் சின்சினாட்டியில் 1865-இல் ஆரம்பித்தார்கள், நியூயார்க் பெல்வ்யூ மருத்துவமனை 1869-இல். குதிரை வண்டி. உள்ளே கட்டுத்துணி, எலும்பு முறிவுக்குக் கட்டும் சிம்பு, வயிற்றைக் கழுவும் பம்ப், கூடவே ஒரு பாட்டில் பிராந்தி. பிராந்தி நோயாளிக்குத்தான் என்று நம்புவோம்.

பெரிய திருப்பம் பெல்ஃபாஸ்ட்டில். ராயல் விக்டோரியா மருத்துவமனையின் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், மாரடைப்புக்காரர்கள் வீட்டிலும் வழியிலுமே இறந்துவிடுகிறார்கள், வார்டில் உட்கார்ந்து காத்திருந்து என்ன பயன் என்று கேட்டார். 1966-இல் டாக்டரையும் நர்ஸையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பினார். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரும் கூடப் போனது. கார் பேட்டரியில் ஓடியது, எடை 70 கிலோ. இன்று கைப்பை அளவுக்கு வந்துவிட்டது.

#9 வெட்டிப்பேச்சு

சரி, பையனைப் பற்றிச் சொன்னது தப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன் (நான் அவனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றாலும்). ஆனால் எல்லாரும் பையனைப் பாராட்டி முடித்தால் வென்டிலேட்டருக்கு உறை போட்டுப் பூட்டி வைத்துவிட்டு 9,500 வாங்கியவர் தப்பித்துவிடுவார். டாக்டர் ஏன் ஏறவில்லை? அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

#10 அவசரப்பிரிவு

நான் சொல்கிறேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில் எமர்ஜென்சியில் வேலை. இந்தத் துறையைத் தனிச் சிறப்புப் படிப்பாக மருத்துவக் கவுன்சில் ஏற்றதே 2009-இல்தான், அதற்குமுன் கேஷுவாலிட்டி என்றால் யாருக்கு டியூட்டி விழுகிறதோ அவர் உட்காருவார். பல இடங்களில் இன்னும் அப்படித்தான்.

இரவு மூன்று மணிக்கு முப்பது படுக்கை உள்ள மருத்துவமனையில் ஒரே ஒரு டியூட்டி டாக்டர்தான் இருப்பார். அவர் வண்டியில் ஏறினால் மேலே படுத்திருக்கிற முப்பது பேருக்கு யார்? அவர் ஏறாததைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். ஏறாத டாக்டருக்குப் பில் போட்டது வேறு விஷயம்.

அவர் மேல் எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. வண்டி கிளம்பும்முன் மதுரைக்குப் போன் அடித்தாரா? ஆபரேட்டரிடம் "பெட் இருக்கா" என்று கேட்பதைச் சொல்லவில்லை. பெட் எப்போதும் இருக்கும். "67 வயது, மாரடைப்பு, குழாய் போட்டிருக்கிறேன், நுரையீரலில் நீர், இத்தனை மணிக்கு இந்த மாத்திரை கொடுத்தேன், நாலு மணிக்கு உங்கள் வாசலில் இருப்பார்" என்று டாக்டர் டாக்டரிடம் சொல்கிற இரண்டு நிமிடப் பேச்சு. அதைப் பேசியிருந்தால் வாசலில் வென்டிலேட்டரோடு ஆள் நின்றிருக்கும், கேத் லேப் டெக்னீஷியன் வீட்டிலிருந்து கிளம்பியிருப்பார். போர்ட்டிகோவில் போன இருபது நிமிடம் அந்தப் போனுக்கு ஆன விலை.

அரசு பக்கத்தில் இதை முறைப்படுத்திவிட்டார்கள். விபத்து, அவசர சிகிச்சைக்காகக் கொண்டுவந்த டேய் (TAEI) திட்டத்தில், 108 வண்டி வழியிலேயே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரித்து, சிவப்பு நேராக உள்ளே. தனியாருக்குத் தனியார் மாற்றும்போதுதான் கையில் ஒரு கடிதத்தைத் திணித்து அனுப்பிவிடுகிறோம்.

மாரடைப்புக்கு மதுரைக்கு அனுப்பியது சரியா என்றால், சரி. முதலில் பார்த்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோ செய்து அடைப்பைத் திறக்க முடியும் என்றால் அனுப்பலாம். முடியாது என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அரை மணி நேரத்துக்குள் அங்கேயே போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். கரிசல்மண், கடிதத்தில் என்ன எழுதியிருந்தது?

#11 கரிசல்மண்

ஃபைலைத் தேடி எடுத்தேன். "2.10 இசிஜி. 2.15 லோடிங் டோஸ். 2.40 இன்டியூபேஷன். ஷிஃப்டிங் டு ஹையர் சென்டர்." அவ்வளவுதான். ஊசி போடவில்லை. கிளம்பும்போது மூன்றேகால் இருக்கும். அடைப்பைத் திறக்கப் பலூன் வைத்தது ஐந்தரைக்கு.

#12 அவசரப்பிரிவு

2.10-இலிருந்து 5.30. மூன்று மணி நேரம் இருபது நிமிடம். 120-ஐ நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். எங்கெங்கே போனது என்று பாருங்கள்: குழாய் போட்டபின் வண்டி கிளம்பவே 35 நிமிடம், ரோட்டில் ஒரு மணி, வாசலில் 20, உள்ளே போனபின் 55. ரோட்டில் போனது ஒரு மணி நேரம்தான். மக்கள் எல்லாரும் வண்டி வேகமாகப் போகவில்லை என்றுதான் சண்டை போடுவார்கள்.

லோடிங் டோஸ், அதாவது அந்தக் கைநிறைய மாத்திரை, ஐந்து நிமிடத்தில் கொடுத்தது நல்ல வேலை. 2023-இலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அந்த மாத்திரைகள் உண்டு, இதயம் காப்போம் திட்டம். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8, மொத்தம் 14 மாத்திரை. கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் இசிஜி எடுத்துப் போட்டுக்கொண்டு மேலே போகலாம்.

#13 மஞ்சப்பை

108 பற்றி யாரும் பேசவில்லையே. என் நாத்தனாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். தருமபுரி மலைப்பக்கம், சித்தேரிக்கு மேலே. வலி எடுத்ததும் 108-க்கு அடித்தோம். வண்டி பாதி மலைதான் ஏறும், அதற்குமேல் நாங்கள் டெம்போவில் இறக்கிக் கொண்டுவந்தோம். மாற்றி ஏற்றிப் பத்து நிமிடத்தில், "அக்கா, தலை தெரியுது, இனி ஓட்ட வேண்டாம்" என்று அந்த இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) பெண் வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள், சென்னையிலிருந்து ஒரு டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். பைலட் அண்ணன் (அங்கே டிரைவருக்கு அப்படித்தான் பெயர்) வெளியே திரும்பி நின்று டார்ச் அடித்தார். புளியமரத்தடியில் பெண் குழந்தை. மூன்று கிலோ. ஒரு பைசா செலவில்லை. டீக்காவது வாங்கிக்கொள்ளச் சொன்னதற்கு, அந்தப் பெண் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

அதனால் வீட்டிலிருந்து எடுப்பதற்கு என்னைக் கேட்டால் 108தான்.

#14 ஸ்டியரிங்

நானே மருத்துவமனை வண்டிக்காரன், நானும் அதையேதான் சொல்வேன். 2008 செப்டம்பரில் 108 வந்தபோது எங்களுக்கெல்லாம் பிழைப்பு போச்சு என்று பயந்தோம். போகவில்லை. வீட்டிலிருந்தும் ரோட்டிலிருந்தும் எடுப்பது அவர்கள், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் தனியார் கேஸ் எங்களிடம் என்று தானாகப் பிரிந்துகொண்டது. அவர்கள் வண்டியில் பயிற்சி பெற்ற இஎம்டி கண்டிப்பாக இருப்பார். எங்களிடம் யார் இருப்பார் என்பது முதலாளியைப் பொறுத்தது. அந்த வித்தியாசத்தை மறைக்க முடியாது.

பதற்றத்தில் இருக்கிற வீட்டுக்காரர் ஏறும்முன் டிரைவரிடம் கேட்கலாம்: "உள்ளே வருகிறவர் யார், நர்ஸா, டெக்னீஷியனா, வார்டு ஆளா?" கேட்டால் கோபப்படமாட்டோம். முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே எட்டிப்பாருங்கள். ஸ்பேர் சிலிண்டரைக் காட்டச் சொல்லுங்கள், சாவியோடு.

#15 பனங்கிழங்கு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் இதைத்தான் தலைகீழாகப் பார்த்தனாங்கள். முந்தி இங்கே நோயாளர் காவு வண்டி என்றாலே வைத்தியசாலையின் வண்டிதான், ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றதுக்கு மாற்றத்தான் பெரும்பாலும் ஓடும். வீட்டில் ஒருவர் விழுந்தால் ஓட்டோ, இல்லையென்றால் தெரிந்தவரின் வான். 1990 இலக்கத்துக்கு அடிக்கும் சுவசெரிய சேவை இந்திய அரசின் உதவியோடு 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது. உங்கட 108-ஐ நடத்திய நிறுவனம்தான் அமைத்துக் கொடுத்தது. தொடக்கத்தில் சேர்ந்த எங்கட ஆட்கள் ஐதராபாத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவை.

ஆனால் நெடுந்தீவுக்கு வண்டி என்ன செய்யும்? எங்கட மாமிக்குப் பாரிசவாதம் வந்தபோது முதலில் படகு, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலம், அங்கே வண்டி நின்றது. அந்தப் படகில் கூட வந்தது ஒரு தாதி மட்டும்தான். அவவும் பிரஷரைப் பார்த்துக் கையில் பேனையால் எழுதிக்கொண்டே வந்தவ. பேப்பர் நனைந்துவிடும் என்று.

#16 வாய்தா

பில் கேள்விக்கு வருகிறேன், வக்கீல் பார்வையில்.

முதலில் எழுத்துமூலம் மருத்துவ ஆவணங்களைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஆம்புலன்ஸ் ட்ரிப் ஷீட்டையும் சேர்த்துக் கேளுங்கள், யார் கூட வந்தார் என்று அதில் கையெழுத்து இருக்கும், அல்லது இருக்காது. இரண்டுமே உங்களுக்குச் சாதகம்தான். அதை வைத்து மருத்துவமனைக்கு ஒரு கடிதம். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து லட்சம்வரை புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம். வராத டாக்டருக்கு வாங்கிய தொகை என்று மட்டும் குறுக்கிப் பிடியுங்கள். சிகிச்சைக் குறைபாடு என்று விரித்தால் நிபுணர் சாட்சி, அது இது என்று என் பெயர் மாதிரியே ஆகிவிடும்.

இந்த இழையில் வேறு ஒருவர் வந்து கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை (இன்னுயிர் காப்போம், 2021 டிசம்பர்) சாலை விபத்துக்கு மட்டும். மாரடைப்புக்குப் பொருந்தாது. அவசர நோயாளியை "போலீஸ் கேஸ், வேறு இடம் போ" என்று எந்த மருத்துவமனையும், தனியாராக இருந்தாலும், திருப்பக்கூடாது. பரமானந்த் கட்டாரா வழக்கு, 1989. ஸ்கூட்டரில் அடிபட்டவரைப் பக்கத்து மருத்துவமனை எடுக்காமல் 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்பியது, வழியிலேயே இறந்துபோனார். அதிலிருந்து வந்த தீர்ப்பு.

#17 வெட்டிப்பேச்சு

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் அபராதம் என்கிறார்களே, யாரிடமாவது வாங்கியிருக்கிறார்களா?

#18 வாய்தா

சட்டத்தில் இருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் 194இ. 2019 திருத்தத்தில் வந்தது. அதற்கு இன்னொரு இழை போடுங்கள், இரண்டு பக்கம் எழுதுகிறேன்.

#19 கரிசல்மண்

எல்லாருக்கும் நன்றி. பில் பற்றிக் கடிதம் போட்டுவிட்டேன். பத்தாம் நாள் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்து, "மருத்துவர் துணை என்பது டைப்பிங் தவறு" என்று 3,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். ட்ரிப் ஷீட் இன்னும் வரவில்லை. விடமாட்டேன்.

நான் எழுத வந்தது வேறு. நைட்டூட்டி சிஸ்டர் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பையன் யாருடா, கூட்டிட்டு வா" என்று இரண்டு நாளாக ஒரே பிடிவாதம். மருத்துவமனையில் கேட்டால் வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். டிரைவரைப் பிடித்து நம்பர் வாங்கினேன். நேற்று சாயங்காலம் அடித்தேன். காரியாபட்டி, டோல்கேட் என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, "அண்ணே, அப்பா இருக்காரா?" என்றான்.

இருக்கார் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இப்போது வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை ஆம்புலன்ஸில் இருக்கிறானாம், கூடவே டெக்னீஷியன் டிப்ளமோ படிக்கிறான். அன்று ஆம்பு பேக் அமுக்கக் கற்றுக்கொண்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்ததாம். "இங்க சேர்ந்த மொத நாளே சிலிண்டர் சாவி எங்கன்னுதான் அண்ணே கேட்டேன், எல்லாரும் ஒரு மாதிரியாப் பார்த்தாங்க" என்றான். அன்று நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லை.

போனை வைக்கும் முன் தயங்கித் தயங்கி, "அண்ணே, அந்தத் துண்டு உங்ககிட்டயா இருக்கு? அம்மா கோஆப்டெக்ஸ்ல எடுத்துக் கொடுத்தது" என்றான்.

பீரோவில் இருக்கிறது. அம்மா மூன்று தடவை துவைத்தும் ஓரத்தில் லேசாகக் கறை போகவில்லை. நாளைக்குக் கொரியரில் போடுகிறேன், கூடப் புதிதாக ஒன்றும் சேர்த்து.

#20 ஸ்டியரிங்

பார்சலில் ஒரு சிலிண்டர் சாவியும் போட்டு அனுப்புங்கள் தம்பி. செலவு என்னுடையது.